பாலத்தின் உச்சியில் நின்ற வண்டி

அப்பா ரப்பர் குழாயின் நுனியை வாயில் வைத்து உறிஞ்சினார். ஓடிக்கொண்டிருந்த என்ஜின் நின்றது.

“சாவியைத் திருப்பினியா?”

“நான் சாவி பக்கமே போகலப்பா. இன்னொரு தடவை பண்ணுங்க.”

ஸ்டார்ட் செய்தேன். என்ஜின் உடனே பிடித்துக்கொண்டு சீராக ஓடியது. அவர் உறிஞ்சினார். நின்றது. அடுத்த முறை லேசாக இழுத்து உடனே விட்டார். என்ஜின் ஒரு விக்கல் விக்கிவிட்டுத் திரும்ப ஓடியது.

“பாத்தியா,” என்றார், உதட்டில் ஒட்டிய கரியைப் புறங்கையால் துடைத்துக்கொண்டே. “வீட்டுல ஒருத்தரும் என் பேச்சைக் கேக்கறதில்ல. இது என் மூச்சுக்கே கேக்குது.”

நானும் அவரும் சேர்ந்து செய்த கடைசி வேலை அது.

வீட்டுக்காரருக்கு ஷெட் தேவைப்பட்டது. மாதக் கடைசிக்குள் காரை அப்புறப்படுத்தச் சொல்லியிருந்தார். பல வருடங்களாகத் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்த கார் அது. நான் மோட்டார்களைச் சோதித்துப் பார்க்கும் வேலையில் இருக்கிறேன். விடுப்பு எடுத்துக்கொண்டு மீட்டரும் டைமிங் லைட்டும் கொண்டு வந்திருந்தேன். புது பேட்டரி, புது பெட்ரோல். பாயிண்டைத் தேய்த்து இடைவெளி வைத்தோம். கண்டென்சரை மாற்றினோம். பிளக்குகளுக்கு நெருப்பைப் பங்கிட்டு அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியில் கீறல் இல்லை, உள்ளே சுழலும் ரோட்டாரும் நன்றாக இருந்தது. என்ஜின் சும்மா நிற்கும்போது பூனை மாதிரி ஓடியது. ஆக்ஸிலேட்டரைப் பாதி மிதித்தால் செத்தது.

டைமிங் லைட் என்பது பிளக்கில் நெருப்பு விழும் ஒவ்வொரு தடவையும் மின்னும் விளக்கு. அந்த வெளிச்சத்தில் சுழலும் புல்லியின் கோடு ஒரே இடத்தில் நிற்பது போலத் தெரியும். ஆக்ஸிலேட்டரை மிதித்தபோது கோடு நகரவில்லை. வெளிச்சமே போய்விட்டது. டைமிங் தப்பாக இருந்தால் நெருப்பு முன்னாலோ பின்னாலோ வரும். வராமல் போகாது.

டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கத்தில் சின்ன வட்ட டப்பா ஒன்று உண்டு. கார்பரேட்டரிலிருந்து ஒரு குழாய் அதற்கு வருகிறது. பாதி மிதியில் என்ஜின் அந்தக் குழாய் வழியாகக் காற்றை இழுக்கும், டப்பா உள்ளேயிருக்கும் தட்டைக் கொஞ்சம் திருப்பும், நெருப்பு கொஞ்சம் முன்னால் விழும். குழாயைக் கழற்றி ஓட்டையை அடைத்தேன். எந்த வேகத்திலும் கார் நிற்கவில்லை. அதனால்தான் அப்பாவை உறிஞ்சச் சொன்னேன். தட்டு அசைந்தால் எதுவோ விட்டுப்போகிறது.

என்ஜினை நிறுத்தி, மூடியைத் திறந்து, மீட்டரை வைத்தேன். இணைப்பு இருக்கிறது என்று பீப் அடித்தது. தட்டை விரலால் தள்ளினேன். சத்தம் நின்றது. விட்டேன், பீப். தட்டுக்குப் போகும் ஒரு சின்ன ஒயர், விரல் நீளம்கூட இல்லை. வெளியே பார்க்க முழுசாக இருந்தது. பிளேடால் மேலுறையைக் கீறினேன். உள்ளே செம்பு இரண்டாக உடைந்து, நுனிகள் கறுத்திருந்தன.

“அவ்வளவுதான்பா. தட்டு சும்மா இருந்தா ரெண்டு துண்டும் ஒட்டிக்கிட்டு இருக்கும். அசைஞ்சா விட்டுடும். டைமிங்ல ஒரு குத்தமும் இல்ல.”

அவர் சட்டைப் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்துக் கண்ணில் இடுக்கிக்கொண்டார். உடைந்த இடத்தை அவர் பார்க்கவில்லை. ஒயரின் மறுநுனியில், பற்றவைத்திருந்த இடத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு கண்ணாடியைப் பைக்குள் போட்டார்.

“கை கழுவிட்டு வரேன்” என்று உள்ளே போனவர் திரும்பி வரவில்லை. புது ஒயரை நான் தனியாகப் போட்டேன்.

அப்பா ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்த்தவர். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அதே ஸ்டூல். கடை முதலாளி மாறினார், பெயர்ப்பலகை மாறியது, ஸ்டூலுக்குக் கால்தான் மாறியது. ஒரு லென்ஸை வாங்கி ஜன்னல் கம்பிக்கு நேரே பிடித்து இப்படி அப்படி ஆட்டுவார். கம்பி எந்தப் பக்கம் ஓடுகிறது, எவ்வளவு ஓடுகிறது என்று பார்த்துப் பவரைச் சொல்லிவிடுவார். பிறகு கருவியில் வைத்தால் சரியாக இருக்கும். அந்தத் திமிர் அவருக்கு நிறைய இருந்தது. தெருவில் அவருக்குப் பெயர் கண்ணாடி.

அவர் தம்பி, என் சித்தப்பா, டெலிபோன் ஆபீசில் கேபிள் இணைப்பவர். தரைக்கடியில் ஓடும் தடித்த கேபிளைப் பிளந்து, உள்ளே இருக்கும் நூற்றுக்கணக்கான கம்பிகளை ஒன்றோடொன்று சேர்த்து மூடுகிற வேலை. அவருக்குப் பெயர் கம்பி. நாங்கள் கீழே, அவரும் சித்தியும் மாடியில். புதிதாக வருகிறவர்கள் வாசலில் நின்று “கண்ணாடி வீடா, கம்பி வீடா?” என்று கேட்பார்கள். சித்தி மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, “ரெண்டும் ஒரே லூசு வீடுதான், உள்ள வாங்க” என்பாள். அவர்களுக்குக் குழந்தை இல்லை. என் சடையை அவள்தான் பின்னுவாள்.

காரை ஒரு கிழ டாக்டரிடமிருந்து அண்ணனும் தம்பியும் சேர்ந்து வாங்கினார்கள். அப்போதே அது பழைய கார். நாலு சிலிண்டர், மங்கிய பச்சை, பின்சீட்டில் மருந்து வாடை. ஒரு வாரம் இவருக்கு, ஒரு வாரம் அவருக்கு. ஞாயிற்றுக்கிழமை சாவி கை மாறும். இரண்டு பேரும் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்பார்கள். “ரெண்டு பேருக்கும் ரெண்டாங் கல்யாணம் ஆயிடுச்சுடி” என்று அம்மா சித்தியிடம் சொல்வாள். “ஆமாக்கா, ஒரே பொண்ணு” என்பாள் சித்தி.

வாங்கிய புதிதில் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருந்த அந்த ஒயர் நைந்துபோயிருந்தது. துணி சுற்றிய, மெல்லிய இழைகளாலான, தொளதொள ஒயர். சித்தப்பாவுக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றி, துண்டில் சுற்றி, ஆபீசுக்குக் கொண்டுபோனார். சாயங்காலம் திரும்பியபோது உள்ளே புது ஒயர் இருந்தது. தினமும் அவர் கை தொடுகிற ஒயர்: ஒற்றைச் செம்புக் கம்பி, மேலே பிளாஸ்டிக் உறை. நுனியை மூன்று சுற்றுச் சுற்றி, பற்றவைத்து, ஈயம் சூடாக இருக்கும்போதே துணியால் ஒரு இழுப்பு இழுத்திருந்தார். தண்ணீர்ச் சொட்டு மாதிரி நின்றது. வீடு முழுக்கக் காட்டினார்.

அப்பா பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாராம், “டேய், இதை ஃபிரேம் போட்டு மாட்டலாம்டா.”

“எனக்கு ஒரு ஜோடி தோடு இதே மாதிரி பண்ணித் தரச் சொல்லுங்க” என்றாளாம் சித்தி.

அருமையான வேலைதான். தரைக்கடியில் கிடந்திருந்தால் எங்கள் எல்லோரையும் தாண்டி இருந்திருக்கும். ஆனால் டிஸ்ட்ரிபியூட்டர் தட்டு, மிதியில் கால் அசைகிறபோதெல்லாம் அசைகிறது. பழைய ஒயர் தொளதொளவென்று இருந்ததற்குக் காரணம் அதுதான். ஒற்றைக் கம்பி வளையும், வளையும், ஒரு நாள் உறைக்குள்ளேயே விட்டுப்போகும். அசைகிற எதையும் சித்தப்பா தன் வேலையில் இணைத்ததே இல்லை.

ஒயர் முழுசாக உடைய வருடங்கள் ஆயின. அதற்கு முன்னால் கார் எப்போதாவது திக்கும். அது டைமிங் கோளாறு என்று இரண்டு பேருமே முடிவு செய்தார்கள். அதில் மட்டும் அவர்களுக்குள் ஒற்றுமை.

அப்பா காதால் டைமிங் வைப்பவர். டிஸ்ட்ரிபியூட்டரைப் பிடித்திருக்கும் கிளாம்ப்பைத் தளர்த்தி, ஓடும் என்ஜினில் அதைக் கையால் திருப்புவார். சத்தம் உச்சிக்குப் போனதும் ஒரு மயிரிழை பின்னால் கொண்டுவந்து இறுக்குவார். சித்தப்பா என்ஜினை நிறுத்திவைத்து, புல்லியின் கோட்டைக் குறிக்கு நேரே கொண்டுவந்து, ஒரு பல்பை இணைத்து, அது எரியும் இடத்தில் நிறுத்துவார். டிஸ்ட்ரிபியூட்டர் அந்த இடத்தில் நிற்க வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடும் போட்டு வைத்திருந்தார். வாரம் மாறும்போதெல்லாம் ஒருவர் வைத்ததை மற்றவர் கலைப்பார்.

“என் கோட்டுலேருந்து நகந்திருக்கே. யார் கை வச்சது?”

“நான்தான்டா. வண்டி இருமிக்கிட்டு இருந்துச்சு.”

“உங்க காது என்ன மீட்டராண்ணா?”

“உன் பல்பு மட்டும் என்ன? அது எரியும், அவ்வளவுதான். வண்டி ஓடுதான்னு அதுக்குத் தெரியுமா?”

“அப்ப கண்ணாடியையும் காதுல வச்சே தேச்சுடுங்க.”

முதலில் சிரித்துக்கொண்டு பேசினார்கள். போகப் போக அம்மாவும் சித்தியும் மட்டும்தான் சிரித்தார்கள். பிறகு அவர்களும் நிறுத்திவிட்டார்கள். சித்தப்பா சாவியை அப்பா கையில் தராமல் ஆணியில் மாட்டிவிட்டுப் போக ஆரம்பித்தார்.

ஒரு திங்கட்கிழமை மத்தியானம் சித்திக்கு நெஞ்சு அடைத்தது. அது சித்தப்பாவின் வாரம். அப்பா கடையில் இருந்தார். நான் கல்லூரி விடுதியில் இருந்தேன். அம்மாதான் சித்தியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு பின்சீட்டில் உட்கார்ந்து போனாள். ஆஸ்பத்திரி, ரயில் பாதையைத் தாண்டும் பாலத்துக்கு அந்தப் பக்கம். மேட்டில் கார் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறியது. உச்சியின் சமதளத்தில் சித்தப்பா மிதியைக் கொஞ்சம் தளர்த்தியதும் நின்றது.

இன்று எனக்கு அது கண்ணெதிரே தெரிகிறது. முழு மிதியில் குழாயில் இழுப்பு இல்லை, தட்டு அசையவில்லை, ஒயர் ஒட்டியிருந்தது. பாதி மிதிக்கு வந்ததும் தட்டு திரும்பியது, அதுவரை எப்போதாவது மட்டும் விட்ட ஒயர் அங்கே முழுசாக விட்டது. நின்றவுடன் தட்டு பழைய இடத்துக்குப் போயிருக்கும். ஸ்டார்ட் செய்தால் ஓடும். கிளப்பினால் நிற்கும். அவர் இறங்கி, பானெட்டைத் திறந்து, ஒவ்வொன்றாகப் பார்த்தார். பார்க்கும்போதெல்லாம் எல்லாம் சரியாக இருந்தது, ஒன்றைத் தவிர. டிஸ்ட்ரிபியூட்டர் அவருடைய வெள்ளைக் கோட்டில் இல்லை. முந்தின நாள், வாரம் முடியும்போது, அப்பா அதைத் திருப்பியிருந்தார்.

பின்னால் வந்த ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். “கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாம்” என்றார் டாக்டர். எல்லா டாக்டர்களும் எல்லோரிடமும் சொல்கிற வார்த்தை அது. முன்னாடி வந்திருந்தால் சித்தி பிழைத்திருப்பாளா என்று யாருக்கும் தெரியாது. அவருக்கும் தெரியாது. சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விட்டார். அந்த ஒரு வார்த்தை எங்கள் வீட்டை இரண்டாகப் பிளந்தது.

சித்தப்பா நேராகக் கடைக்குப் போனார். அப்பா பின்னறையில் லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தார். வாடிக்கையாளர்கள் இருந்தார்கள்.

“திருப்பினீங்களா, இல்லையா?”

“எதைடா?”

“நேத்து. திருப்பினீங்களா?”

“திருப்பினேன். என்ன ஆச்சு?”

“செத்துட்டா” என்றார் சித்தப்பா. “உங்க காதாலதான்.”

அதன் பிறகு அவர் அண்ணனோடு பேசவில்லை. அதே மாதம் வீட்டைக் காலி செய்துவிட்டு, ஊருக்கு மறுகோடியில் ஒரு மருந்துக்கடை மாடியில் ஒற்றை அறை எடுத்துக்கொண்டு போனார். காரைத் தொடவில்லை. அப்பாவும் தொடவில்லை. சொந்தக்காரர்கள் இரண்டு பக்கமும் போய் வந்து, கேட்டதை இங்கே கொஞ்சம் கூட்டி, அங்கே கொஞ்சம் கூட்டிச் சொன்னார்கள். “அண்ணன்காரன் கை வச்சுதான் அவ போனா” என்பது நாளடைவில் எல்லோருக்கும் சாதாரணச் செய்தியாகிவிட்டது, சமையல் குறிப்பு மாதிரி.

அப்பா அதை மறுத்து ஒரு வார்த்தையும் சொன்னதில்லை. ஆனால் லென்ஸை ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்ப்பதை விட்டுவிட்டார். ஒவ்வொன்றையும் கருவியில் வைத்து, எடுத்து, மறுபடி வைத்தார். “என்ன கண்ணாடி, கண்ணு போயிடுச்சா?” என்று கடையில் கிண்டல் செய்தார்கள். வீட்டில் மின்விசிறி கரகரவென்றால்கூட, “எனக்கு ஒண்ணும் கேக்கல. மெக்கானிக்கைக் கூப்பிடு” என்பார். ஷெட் சாவி அவரிடம்தான் இருந்தது. ஒரு மாலை நேரம் போதும், டிஸ்ட்ரிபியூட்டரைத் திறந்து பார்த்திருக்கலாம். திறக்கவில்லை. உள்ளே தன் கையின் தப்பைப் பார்க்கவேண்டி வருமோ என்று பயந்தார். அந்தப் பயத்திலேயே அத்தனை வருடமும் போயின.

ஒயரைக் கண்டுபிடித்த அன்று, சாப்பிட்ட பிறகு, நான் அதை ஒரு தாளில் வைத்து அவர் முன்னால் வைத்தேன். அம்மாவும் இருந்தாள்.

“இது உங்க தப்பு இல்லப்பா.”

“தெரியுது.”

“சித்தப்பாகிட்ட சொல்லணும்.”

“என்னன்னு?”

“ஒயர் உடைஞ்சிருந்துச்சுன்னு.”

“யார் போட்ட ஒயர்னு கேப்பான்.”

“கேக்க மாட்டார். பாத்தாலே அவருக்குத் தெரியும்.”

“அதான் சொல்றேன்” என்றார் அப்பா.

அம்மா தாளைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தாள். “அப்ப தம்பி போட்டதா இது? அவர் கையாலேயேவா?”

“அவன் நல்லா நினைச்சுத்தான் போட்டான்.”

“நீங்க மட்டும் கெட்டது நினைச்சா திருப்பினீங்க? அத்தனை பேருக்கு முன்னால உங்களைக் கொலைகாரன்னு சொன்னார். நான் ஒரு விசேஷத்துக்கு நிமிர்ந்து போக முடியல. என் மடியிலதான் அவ தலை இருந்துச்சு, தெரியுமா உங்களுக்கு? போங்க. இந்த ஒயரை எடுத்துக்கிட்டுப் போய் அவர் கையில வைங்க.”

“வச்சா?”

“வச்சா என்னவோ ஆகட்டும்.”

“அவன் இத்தனை வருஷமா என்னைத் திட்டிக்கிட்டு உயிரோட இருக்கான். அதையும் புடுங்கிட்டா அந்த ரூம்ல அவனுக்கு வேற என்ன இருக்கு, சொல்லு. ஒரு ஸ்டவ்வும் ஒரு ரேடியோவும் இருக்கு.”

 அவர் ஒயரைத் தாளோடு மடித்தார்.

“நான் போய், டைமிங்தான், என் கைதான்னு சொல்லிட்டு வந்துடறேன். அவன் ஏற்கனவே நம்பறதுதானே. புதுசா ஒண்ணும் இல்ல. அண்ணன் வந்து ஒத்துக்கிட்டான்னு ஆயிடும். அதுக்கப்புறம் பேசுவான்.”

“அப்ப என் புருஷன் கொலைகாரன்னு நானும் சேந்து ஒத்துக்கணுமா?”

“நீ தினமும் சொல்றதுதானே. ஒரு டம்ளரைக் கீழ போட்டாக்கூட அந்தப் பேர்தான் சொல்றே.”

அம்மா சிரிக்கவில்லை. எழுந்து போய்விட்டாள்.

அவர் என்னிடம் கேட்டார். “இன்ஜினியரம்மா, எவ்வளவு திருப்பியிருந்தா மேட்டு உச்சியில நிக்கும்?”

“எவ்வளவு திருப்பினாலும் அப்படி நிக்காது. முன்னால திருப்பினா மேட்டுலயே என்ஜின் டகடகன்னு தட்டும். பின்னால திருப்பினா மேடே ஏறாது. ஏறி, உச்சியில காலை எடுத்ததும் நின்னு, ஸ்டார்ட் பண்ணா ஓடி, திரும்ப நின்னா, அது டைமிங்கே கிடையாது. சித்தப்பா உக்காந்து யோசிச்சார்னா அவருக்கே தெரிஞ்சிடும்.”

அவர் முகம் மாறியது. “அப்ப அவனுக்கு இதுக்குள்ள தெரிஞ்சிருக்குமோ?”

“எனக்கெப்படிப்பா தெரியும்?”

“தெரிஞ்சிருந்தா...” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

அந்தப் பொய்யைத் தயாரிக்க நான் உதவமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். கோபமாகத்தான் சொன்னேன். இன்றும் எனக்கு அந்தக் கோபம் போகவில்லை. அவர் வாயை மூடிக்கொண்டு தாங்கியதெல்லாம் பெருந்தன்மை என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். கூட இருந்து தாங்கிய அம்மாவை யாரும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு ஷெட்டில் அவர் தனியாக வேலை செய்தார். டைமிங் லைட்டை மட்டும் அவரிடம் விட்டுவிட்டு வந்திருந்தேன். அதை வைத்துச் சித்தப்பாவின் வெள்ளைக் கோட்டையும் தன் காதையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார். போனில் சொன்னார்: “ரெண்டும் ஒரே இடம்தான்டி. ஒரு நூல் வித்தியாசம். இதுக்கா அடிச்சுக்கிட்டோம்?” சிரிப்பதற்காகச் சொன்னார். முடியவில்லை. கோட்டிலேயே வைத்து இறுக்கிவிட்டதாகச் சொன்னார்.

கார் தயாராகிவிட்டது. அவர் தயாராகவில்லை. கார்பரேட்டரைக் கொஞ்சம் சுத்தம் பண்ண வேண்டும் என்றார். பிறகு டயர். பிறகு ஹார்ன். ஹார்ன் இல்லாமல் எப்படித் தம்பி வீட்டு வாசலில் போய் நிற்பது என்றார். வீட்டுக்காரரிடம் இன்னும் ஒரு மாதம் கெஞ்சி வாங்கினார். அம்மா அவரோடு அளந்துதான் பேசினாள். ஷெட்டுக்குள் அவர் தனியாக முணுமுணுப்பது கேட்கும் என்றாள். “தம்பி, நான்தான்டா,” என்று ஆரம்பிப்பாராம். அங்கேயே நின்றுவிடுவாராம்.

ஒரு நாள் என் ஆபீசுக்கு போன் செய்தார். குரலில் அப்படியொரு உற்சாகம். நான் பயந்துவிட்டேன்.

“கிளாம்ப்!” என்றார்.

“என்னப்பா?”

“கிளாம்ப்பை நான் இறுக்கலன்னு சொன்னா? திருப்பிட்டு, இறுக்க மறந்துட்டேன். ஓட ஓட டிஸ்ட்ரிபியூட்டர் தானா நகந்திருக்கு. நிக்கும், ஓடும், நிக்கும். மேடாவது பள்ளமாவது. அவன் பாத்தப்ப கோடு விலகித்தானே இருந்துச்சு. பொருந்துதா, இல்லையா? நீ சொல்லு, பொருந்துதா?”

யோசித்தேன். பொருந்தியது. பானெட்டைத் திறந்தவர் கிளாம்ப்பை ஆட்டிப் பார்த்தாரா என்று இத்தனை வருடம் கழித்து யாருக்கு நினைவிருக்கும்? அண்ணன் வந்து சொன்னால் லூசாகத்தான் இருந்தது என்று சித்தப்பாவுக்கே தோன்றும்.

“பொருந்துது” என்றேன்.

“அப்பாடா” என்றார். செய்யாத தப்பு ஒன்று கையில் கிடைத்ததற்கு அப்படியொரு நிம்மதி. “வர்ற ஞாயித்துக்கிழமை போறேன். பாலம் வழியா வேண்டாம், சுத்திப் போயிடறேன். உன் அம்மாகிட்ட நீ கொஞ்சம் சொல்லு.”

நான் அம்மாவிடம் சொல்லவில்லை. அவர்தான் சொன்னார். அவள் அவருக்கு ஒரு சட்டையை இஸ்திரி போட்டு வைத்தாள். அதற்குச் சம்மதம் என்று அர்த்தமா, சண்டைபோட்டுக் களைத்துவிட்டாள் என்று அர்த்தமா, நான் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அப்பா கடையில் இறந்தார். பின்னறையில் தேய்க்கும் சக்கரம் ஓடிக்கொண்டே இருந்ததாம், கண்ணாடி படுகிற சத்தம் மட்டும் இல்லையாம். முதலாளி எட்டிப் பார்த்தபோது சுவரில் சாய்ந்தபடி இருந்தார். “நல்ல சாவும்மா. கஷ்டப்படாம போயிட்டார்” என்று வந்தவர்களெல்லாம் சொன்னார்கள். எத்தனை வருடம் கஷ்டப்பட்டார் என்று தெரிந்தவர்களும் அதையே சொன்னார்கள்.

சனிக்கிழமை காலை சித்தப்பா வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. அப்பாவைவிட வயதானவராகத் தெரிந்தார். எல்லோரும் விலகி வழிவிட்டார்கள், வேடிக்கை பார்ப்பதற்காக. அவர் அழவில்லை. அண்ணன் முகத்தைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அம்மாவிடம் போனார்.

“அண்ணி” என்றார்.

அம்மா தலையை ஆட்டினாள், அவ்வளவுதான். அவள் கண் என் மேல் இருந்தது. சொல்லு என்றா, சொல்லாதே என்றா? எனக்குப் புரியவில்லை.

வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

“வண்டி ஓடுதாமே?”

“ஓடுது சித்தப்பா.”

“டைமிங் யார் வச்சது?”

“அப்பா.”

“காதாலயா?”

“உங்க கோட்டுல வச்சார்.”

அவர் ஷெட் பக்கம் பார்த்தார். போகவில்லை. செருப்புக்குள் காலை நுழைத்தார். ஒரு கை என் தோளைப் பிடித்திருந்தது, விழாமல் இருப்பதற்காக.

“கடைசி வரைக்கும் ஒரு வார்த்தை வந்து சொல்லல பாத்தியா உங்கப்பன்” என்றார். “நான் வேற ஒண்ணும் கேக்கல. ஒரு வார்த்தை.”

அவருக்கு உண்மை தெரிந்திருந்ததா என்று அந்த முகத்தில் தேடினேன். அதில் களைப்பு மட்டும்தான் இருந்தது. அவர் தெருமுனையில் திரும்பி மறையும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அப்பா பெட்ரோல் நிரப்பியிருந்தார், ஹார்னும் மாட்டியிருந்தார். பாலத்தை விட்டுச் சுற்றிப் போய், மருந்துக்கடை வாசலில் காரை நிறுத்தி, மாடியேறி, கிளாம்ப்பை இறுக்க மறந்துவிட்டேன் என்று தம்பியிடம் சொல்லிவிட்டு வர வேண்டும். அந்த வேலை அப்படியே கிடக்கிறது.